நாளைக்கு ஒரு குடும்பம் வருது

எங்கள் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயது. நடுவில் பையன், அவனுக்கு ஐந்து. கடைசி மகள் இரண்டு வயது முடிந்து, கண்ட கண்ட இடமெல்லாம் ஓடத் தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறை. கிறிஸ்து பிறக்கும் நத்தார்த் திருநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மூன்று பேரும் முற்றத்தில் வீட்டுக் கதிரைகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் கடைசிக் கதிரையில் ஏறி நின்று, விளக்குமாற்றைப் பின்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு வாயால் இஞ்சின் சத்தம் போட்டான். மூத்தவள் என்னுடைய சால்வையைக் கழுத்தில் சுற்றி, ஒரு பக்கம் உடைந்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தாள்.

"மெடம், ப்ளீஸ் சிட் டவுன். நோ ஸ்டேண்டிங்," என்றான் பையன்.

"டொல்பின் எங்க?"

"கமிங் மெடம், கமிங்."

சின்னவள் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, முறை வரும்போது எழும்பி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத் திரும்ப விழுவாள். அவள்தான் டொல்பின். மூத்தவள் கைதட்டி, "ஓ ப்யூட்டிஃபுல்!" என்று கத்துவாள்.

நான் சிரித்துக்கொண்டே சவர்க்கார நுரையை வழித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவரைக் கண்டேன். என் கணவர் படலைக்கு வெளியே கையில் வெறும் எண்ணெய்க் கேனோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சிரிக்கவில்லை. பிள்ளைகள் கண்டுவிட்டு, "அப்பா!" என்று கதிரைகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். அவர் கேனை வைத்துவிட்டு மூன்று பேரையும் ஒரே அணைப்பில் தூக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர். குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் எங்கள் கரையில் எல்லா வீட்டு ஆண்களும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். நேவி சொல்லும் நேரத்துக்குப் போய், சொல்லும் நேரத்துக்கு வர வேண்டும். சண்டை முடிந்த பிறகு அதெல்லாம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. தெற்கே ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பின. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், டொல்பின் பார்க்க.

எங்கள் ஆட்கள் அதை ஓங்கில் என்பார்கள். வலையைக் கிழிக்கும் சனியன் என்று ஏசாத மீனவன் எங்கள் கரையில் கிடையாது. என் கணவரும் ஏசியவர்தான். அதே வாயால் இப்போது, பருவம் தொடங்கிவிட்டால், காலையில் விருந்தினர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், "லுக், லுக், பேபி டொல்பின்" என்று காட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனுஷன் இங்கிலீசும் கொஞ்சம் ஜெர்மனும் கதைக்கப் பழகியிருந்தார். சிங்களம் முன்பே தெரியும்.

ஆனால் ஒன்று. எங்கள் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது என்று ஒரு கதை. யார் தொடக்கியது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்தப் படகுக்கு நான் செய்யாத வேலை இல்லை. கிழிந்த வலை பொத்தியிருக்கிறேன், தார்ப்பாய் தோய்த்திருக்கிறேன், முன்முனையில், அணியத்தில் ஒட்டியிருக்கும் மாதா படத்துக்குப் பூ வைத்திருக்கிறேன், அதுவும் மணலில் நின்று கையை எட்டி நீட்டித்தான். ஒரு கால் உள்ளே வைத்ததில்லை. முதன்முதலாக வெள்ளைக்காரப் பெண்கள் அரைக்காற்சட்டையோடு ஏறியபோது ஊர் முணுமுணுத்தது. பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. வந்தவர்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம். அதை யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

கதிரைப் படகு ஓடிய அந்த நாள் பின்னேரம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவருடைய ஃபோன் அடித்தது. ஹோட்டல் ஒன்றிலிருந்து வழக்கமாக ஆட்கள் அனுப்புகிறவர்.

"இல்ல மச்சான், நாளைக்கி ஏலாது," என்றார் இவர். "போட் புக்காயிட்டு."

மறுபக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஒரு குடும்பம் வருது. சின்னப் பிள்ளையள் இருக்கு. மூணு."

நான் பருப்புக் கறி அகப்பையோடு அப்படியே நின்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டு, "காலையில வெள்ளன எழுப்பி விடு இவங்கள," என்றார், சோற்றைப் பிசைந்தபடி. விஷயம் முதலில் விளங்கியது மூத்தவளுக்குத்தான். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிள்ளைகள் படுத்த பிறகு நான் சொன்னேன், "நீங்க பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போங்க. நான் வரல்ல."

"ஏன்?"

"ஆக்கள் கதைப்பாங்க."

"கதைக்கட்டும்." அவர் விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் போடும் நீல டீசேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நெஞ்சில் டொல்பின் படம் போட்டது. "ஊர் பேர் தெரியாத பொம்பளைக்கெல்லாம் கை குடுத்து ஏத்துறன். என்ட பொஞ்சாதிக்குக் கை குடுத்தா என்ன?"

"மீன் படாட்டி என்னைத்தான் சொல்லுவாங்க."

"படாத நாளையில எல்லாம் நீயா போட்டுக்குள்ள இருந்த?"

டீசேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அயன் பண்ணித் தரச் சொன்னார். எங்களோடு வருவதற்கு அயன் பண்ணிய டீசேட்.

விடிய முன்னமே எழும்பி முட்டை அவித்தேன், சீனிச்சம்பல் செய்தேன், பாரை மீன் பொரித்தேன், இரண்டு இறாத்தல் பாண் ரொட்டியை வெட்டிக் கட்டினேன். ஃப்ளாஸ்க்கில் பிளேன்டீ. கோயிலுக்குப் போடும் நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கடலுக்குப் போக வேறு என்ன உடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கரைக்குப் போனபோது படகு வேறு ஒரு படகு போல் இருந்தது. முதல் நாள் மாலை அவர் அதை உள்ளும் புறமும் உரஞ்சிக் கழுவியிருந்தார். இருக்கைப் பலகைகளில் புதிதாக ரெக்சின் விரித்திருந்தார். மீன் வாடிக் கொட்டில்களுக்கு முன்னால் நாலைந்து பேர் வலையிலிருந்து மீன் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கண்களும் எங்கள் மேல்.

"என்னடா, இண்டைக்கி எந்த ஹோட்டல் ஆக்கள்?" என்றார் ஒருவர்.

"என்ட ஹோட்டல்," என்றார் இவர்.

சிரித்தார்கள். இவருடைய பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கரையில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மீனைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

இவர் எதையும் பார்க்காதவர் போல வேலையைத் தொடங்கினார். பெட்டியிலிருந்து லைஃப் ஜெக்கட்டுகளை எடுத்தார். மூத்தவளுக்குப் பட்டி இறுக்கினார், பையனுக்கு இறுக்கினார். சின்னவளுக்கு எதுவும் அளவில்லை. அதிலேயே சின்னது கூடத் தலைக்கு மேலால் கழன்று வந்தது. என் சால்வையை வாங்கி அவளையும் ஜெக்கட்டையும் சேர்த்துக் குறுக்கும் மறுக்கும் கட்டினார். பிறகு நேராக நின்று, விருந்தினருக்குச் சொல்வது போலவே சொன்னார்:

"குட் மோர்னிங், வெல்கம். போட் ஓடும்போது ஒருத்தரும் எழும்பக் கூடாது. கையை வெளிய நீட்டக் கூடாது. வாந்தி வந்தா வெக்கப்படாம சொல்லோணும். ஓகே?"

"ஓகே கேப்டன்!" என்றான் பையன்.

பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் பக்கம் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் விரிந்தபடி. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும், கயிறு அறுத்த தழும்புகளோடு. ஆனால் அப்படி ஒரு நீட்டலை நான் அதுவரை கண்டதில்லை. அது தொழிலில் பழகிய நீட்டல். நான் சிலுவை போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். கையைப் பிடித்து, மற்றக் கையால் சட்டையைத் தூக்கிக்கொண்டு, ஏறினேன்.

ஏறி இருந்ததும் படகு ஆடியது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. படகின் முன்பாதி இன்னும் மணலில், தள்ளுவதற்கு ஆட்கள் வர வேண்டும். ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு பெரியப்பா கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார். படகின் விளிம்பில் தோளைக் கொடுத்தார். அவர் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். "ஏலேலோ" கூட இல்லை, ஒரு மூச்சுத்தான். படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பெரியப்பா என்னைப் பார்க்காமல், "பிள்ளையக் கெட்டியாப் பிடி மகள்," என்று மட்டும் சொன்னார்.

கரை சின்னதாகிக்கொண்டு போனது. தென்னைகள், வாடிகள், கோயில் சிலுவை, தூரத்தே தெற்கில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இந்தக் கரையிலிருந்து கடலைப் பார்த்து எத்தனையோ தடவை அவருக்காகக் காத்து நின்றிருக்கிறேன். கடலிலிருந்து கரை இப்படித்தான் தெரியும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

வீட்டில் அவர் ஒரு அந்தரப்பட்ட மனுஷன். வாசல் நிலையில் தலையை இடிப்பார், சீனி டப்பாவைத் தேடி அலுமாரி முழுக்கத் திறப்பார், பிள்ளைகளுக்குத் தலை சீவச் சொன்னால் கோணல் வகிடு எடுப்பார். அந்த ஆள் கரையிலேயே நின்றுவிட்டார் போலும். பின்னால் இஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேறொருவர். ஒரு அலை வருவதற்கு முன்னமே அவர் உடம்பு அதற்கேற்றபடி சாய்ந்தது. ஒரு கண் தண்ணீரில், ஒரு கண் பிள்ளைகள் மேல். சின்னவள் ஜெக்கட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி ஆமைக்குட்டி மாதிரிப் பார்த்துக்கொண்டு என் மடியில் இருந்தாள்.

பையனுக்கு வாந்தி வந்தது. அவன் வெட்கப்படாமல் சொன்னான். இவர் இஞ்சினைக் குறைத்து, அவனைக் காற்று அடிக்காத பக்கம் குனிய வைத்து, வாய் கழுவத் தண்ணீர் கொடுத்து, "தூரத்தில ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிரு. கீழ பார்க்காத," என்றார். கொஞ்ச நேரத்தில் பையன் பிஸ்கட் கேட்டான்.

ஆனால் டொல்பின் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலத் தண்ணீர், அதன் மேல் வெயில். இவருடைய ஃபோன் அடித்தது. இன்னொரு படகுக்காரர். வடக்கே ஒரு கூட்டம் நிற்கிறது, எல்லாரும் அங்கேதான், வா என்றார். அந்தத் திசையில் ஏழெட்டுப் படகுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது எனக்கே தெரிந்தது.

"போவம் அப்பா! வேகமாப் போவம்!" என்றான் பையன்.

"அங்க இப்ப அதுகள் பயந்து கீழ போகும்," என்றார். "நாங்க இங்க இருப்பம்."

இஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் படகின் வயிற்றில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது. அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஜூஸ் பக்கற் நீட்டினார். இரண்டு கையாலும், விருந்தினருக்குக் கொடுப்பது போல. எனக்கும் ஒன்று. "கொம்ப்ளிமென்ட்ரி," என்றார். மூத்தவள், "தேங்க் யூ," என்றாள், சிரிக்காமல்.

காத்திருந்தோம். பையன் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப் போனான். சின்னவள் நித்திரையாகப் போகிற நேரம் இவர் என் தோளை மெல்லத் தொட்டு, "வலப்பக்கம்," என்றார்.

முதலில் ஒரு மூச்சுச் சத்தம். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவது போல. பிறகு ஒரு முதுகு, அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. படகைச் சுற்றி எல்லாப் பக்கமும். ஒன்று தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, ஆகாயத்தில் பம்பரம் போலச் சுழன்று விழுந்தது. தாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, அதுவும் தன் பங்குக்கு அரைகுறையாய் ஒரு துள்ளு.

பையன் வாயைத் திறந்தபடி இருந்தான். சின்னவள்தான் விரலை நீட்டிக் கத்தினாள், "மீன்! அம்மா, பெரிய மீன்! கறி!"

இவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. "கறி வைக்க ஏலாது மகள். அது எங்கட சோறு."

வீட்டு முற்றத்தில் அத்தனை தடவை "ப்யூட்டிஃபுல்" என்று கத்திய மூத்தவள் இப்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்வையைக் கடலிலிருந்து எடுத்து, திரும்பி, தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஒவ்வொரு நாளும் இதைப் பார்க்கிறீங்களா?"

"ஓம்."

"எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

"சொன்னா விளங்குமா?"

அவள் யோசித்துவிட்டு, "இல்ல," என்றாள்.

நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், டொல்பின்களைவிட அவரைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். எங்கே நிற்க வேண்டும், எப்போது இஞ்சினை நிறுத்த வேண்டும், எதற்குப் பின்னால் ஓடக் கூடாது என்று தெரிந்த ஒரு மனிதனோடுதான் நான் இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன். நெஞ்சு நிறைந்து மூச்சு முட்டியது. அது கடல் மயக்கமாகவும் இருந்திருக்கலாம் என்று பிறகு அவரிடம் சொன்னேன். அது பொய்.

அங்கிருந்து ஆலங்குடாப் பக்கம் போய்க் கரை தட்டினோம். ஹோட்டல்களைத் தாண்டி, ஆட்கள் குறைந்த மணல். தூரத்தில் கைட் விடுகிறவர்கள் பலகையில் நின்றுகொண்டு, ஆகாயத்தில் பெரிய நிறநிறத் துணிகளோடு தண்ணீரில் பறந்தார்கள். பிள்ளைகள் படகிலிருந்து குதித்து ஓடினார்கள். தாழங்காய்ப் புதருக்குக் கீழே நான் பாயை விரித்தேன்.

கடலுக்குப் போகிறவர்கள் கடலில் விளையாட மாட்டார்கள். குளிப்பதும் கிணற்றில்தான். ஆனால் அன்றைக்கு அவர் டீசேட்டைக் கழற்றி மடித்து என்னிடம் தந்துவிட்டு, சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மல்லாந்து மிதந்து காட்டினார். பையனின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, "வயித்த மேல தூக்கு, தலையைப் பின்னால போடு. நான் பிடிச்சிருக்கிறன்," என்றார். பையன் மிதந்தான். கை எப்போது எடுபட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மூத்தவள் தானாகவே முயன்று, இரண்டு தடவை உப்புத் தண்ணீர் குடித்து, மூன்றாம் தடவை மிதந்தாள்.

பசி வந்ததும் எல்லாரும் மணலோடு வந்து இருந்தார்கள். பாணில் மணல், முட்டையில் மணல். பொரித்த பாரை ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை.

நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போது ஒரு சிங்களப் பெண் தன் சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். கொழும்பிலிருந்து வந்தவளாக இருக்க வேண்டும். அகலமான தொப்பி, கையில் கமரா. இவர் அந்த நேரம் படகில் ஏதோ எடுக்கப் போயிருந்தார்.

"நீங்களும் டொல்பின் பார்க்க வந்தீர்களா? கண்டீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"கண்டோம்," என்றேன். "நிறைய."

"நாங்கள் போன படகு ஓடிக்கொண்டே இருந்தது. மகன் பயந்து அழுதுவிட்டான், ஒன்றும் பார்க்கவில்லை." அவள் எங்கள் படகைக் காட்டினாள். "அந்த ஆள் எப்படி? சின்னப் பிள்ளைகளோடு நம்பிப் போகலாமா?"

என் சிங்களம் சந்தைச் சிங்களம். ஆனால் அதற்கு வேண்டிய சொற்கள் என்னிடம் இருந்தன.

"நம்பிப் போகலாம்," என்றேன். "அவர் என் புருஷன். இது எங்கள் படகு. இவர்கள் எங்கள் பிள்ளைகள்."

அவள் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவர் வந்ததும், இப்போதே ஒரு சுற்றுக் கூட்டிப் போக முடியுமா என்று அவரிடம் கேட்டாள். இவர் தலையாட்டி, "இன்றைக்கு நான் வேலையில் இல்லை நோனா. குடும்பத்தோடு வந்திருக்கிறேன்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வேறொரு நாள் காலையில் வரச் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தார். அவளுடைய மகனுக்கு எங்கள் பையன் தான் தோண்டிய நண்டுக் குழியைக் காட்டினான். இருவருக்கும் பொதுப் பாஷை ஒன்றும் இல்லை. நண்டு போதுமாக இருந்தது.

மத்தியானம் திரும்பியதும் காற்று எழும்பியது. நான் பாயை உதறி, பாத்திரங்களைக் கட்டி, பிள்ளைகளின் தலையைத் துவட்டி, புறப்பட ஆயத்தமாக நின்றேன். இவர் மணலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போவமா?" என்றேன்.

"போட்டில போகேலாது. ரோட்டால போவம்."

நான் கடலைப் பார்த்தேன். கரையோரம் குளம் போலக் கிடந்தது. காலையில் வந்தபோது இருந்ததை விட அலை குறைவு.

"தண்ணி சும்மாதானே கிடக்குது?"

"வாடைக் காத்து. தரையில இருந்து கடலுக்கு அடிக்குது. அதான் கரையில அலை தெரியாது. வெளிய போய் இஞ்சின் நிண்டா அப்பிடியே தள்ளிக்கொண்டு போயிரும்."

"உங்கட இஞ்சின் எப்ப நிண்டிருக்கு?"

"நிண்டதில்ல."

"பிறகென்ன? நீங்க எத்தனை தரம் இதைவிடப் பெரிய காத்தில தனியப் போய் வந்திருக்கிறீங்க."

"தனிய," என்றார்.

பையன் அழத் தொடங்கினான். படகில்தான் போக வேண்டும் என்று மணலில் விழுந்து புரண்டான். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல். ஈரச் சட்டையும் மணல் பிள்ளைகளுமாக ரோட்டில் யாரிடம் போய் நிற்பது? படகில் போனதைக் கரை முழுக்கப் பார்த்தது. படகில் திரும்பி வராவிட்டால் என்ன கதை கட்டுவார்கள்? அதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஹோட்டல் ஆக்களை நான் இந்தக் காத்தில ஏத்த மாட்டன். எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் ஏலாதெண்டுதான் சொல்லுவன். அவங்களுக்கு ஏலாதது இவங்களுக்கு மட்டும் ஏலுமா?" என்று சொல்லிவிட்டு, படகை மேலே இழுத்து வைக்கப் பக்கத்து வாடியில் ஆட்களைத் தேடிப் போனார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படகு ஆட்களோடு புறப்பட்டு வடக்கே போனது. பையன் அழுகையை நிறுத்தி, "பாருங்க, அவங்க போறாங்க!" என்றான். அந்தப் படகு ஒரு சேதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆட்கள் முழுக்க நனைந்தார்கள், அவ்வளவுதான். இவரிடம் சொன்னபோது, "நல்லது," என்றார். தான் செய்தது சரி என்று நிரூபிக்க அவருக்கு யாருடைய ஆபத்தும் தேவைப்படவில்லை.

ரோட்டுக்கு நடந்தோம். சின்னவள் அவர் தோளில் நித்திரை. மரக்கறி ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன லொறி வந்தது. கற்பிட்டிச் சந்தைப் பக்கம் இவருக்குப் பழக்கமான முஸ்லிம் நானா ஒருவருடையது.

"நானா, எங்கட வீட்டுப் பக்கம் விடுவீங்களா?"

அவர் எங்கள் கோலத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, கடலுக்குப் போன ஆள் ரோட்டால வாற? ஏறுங்க, ஏறுங்க. தங்கச்சி, சின்னப் புள்ளையோட நீங்க முன்னுக்கு வாங்க."

நான் பின்னாலேயே ஏறினேன். பூசணிக்காய்களுக்கு மேலே சாக்கு விரித்து ஐந்து பேரும் இருந்தோம். பூசணி உருண்டு உருண்டு இடித்தது. அழுகையை மறந்த பையன் ஒவ்வொரு பூசணிக்கும் பெயர் வைத்தான். மூத்தவள் தகப்பனின் கையில் சாய்ந்துகொண்டாள். வீட்டு ஒழுங்கையில் இறங்கியபோது லொறிச் சத்தத்துக்கு நாலு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. இரு கையிலும் இரண்டு பூசணி, நானா கொடுத்தது. மணல் ஒட்டிய கோயில் சட்டையோடு நடுவழியால் நடந்தேன்.

அடுத்த நாள் காலை படகை எடுத்து வர வேண்டும். கூட வர ஒரு ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"நான் வாறன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையள்?"

"பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பா. கேட்டுட்டன்."

ரோட்டால் போய், ஆலங்குடாவிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் படகில் வந்தோம். காற்று விழுந்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல. அவர் பின்னால், நான் அணியத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில். அடியில் தேங்கிய தண்ணீரை நான் போத்தல் வெட்டி இறைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஈரத்தில் கால் இருக்கிறது, இறைத்தேன்.

எங்கள் கரைக்கு வந்தபோது வாடிகளுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். படகு மணலில் உரசியதும் எழும்பி வந்தார்கள். நான் அவர் கை நீட்டும் வரை காத்திருக்காமல் தண்ணீரில் குதித்தேன். சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியப்பாவுக்கு அடுத்ததாக நின்று, படகின் விளிம்பில் கையைக் கொடுத்தேன். பெரியப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். எல்லாரோடும் சேர்ந்து மூச்சைப் பிடித்து இழுத்தேன். படகு மேலே வந்தது.